பர்மனென்ட், கான்ட்ராக்ட், கனவு: வடசென்னையில் வேலை தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் பாரிமுனையில் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். வீடு தண்டையார்பேட்டை. ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப் பிள்ளைகளுக்கு ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது வழக்கம். விண்ணப்பம் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும், பேச்சு முடியாது. அந்தப் பேச்சில் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் என் சொந்த அபிப்பிராயமும் கலந்திருக்கும்.

எந்த வேலையைப் பற்றி யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். நாளைக்கே அந்த வேலை போய்விட்டால் கையில் என்ன மிஞ்சும்? ஒரு சான்றிதழா, லைசென்ஸா, பி.எஃப். கணக்கா, அடுத்த இடத்தில் சொல்லிக்கொள்ள ஒரு தொழிலா? ஒன்றுமே மிஞ்சாது என்றால், சம்பளம் நன்றாக இருந்தாலும் நான் யோசிப்பேன்.

பர்மனென்ட் வேலைதான் வேலை என்கிறார் அப்பா. இந்தக் காலத்தில் அது சரியா?

பாதி சரி. அப்பா ஏன் அப்படிச் சொல்கிறார் என்று பாருங்கள். அவருடைய அப்பா காலத்தில் பெரம்பூர் பி அண்ட் சி மில்லில் வேலை என்றால் பெண் கொடுக்க வரிசையில் நிற்பார்கள். 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான் பிறந்தது. முறையாக அமைந்த தொழிற்சங்கங்களில் இந்தியாவிலேயே முன்னோடி. அவ்வளவு பெரிய மில் 1996-ல் மூடப்பட்டது. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-ல் ஓடத் தொடங்கியது, 2017-ல் நிறுத்திவிட்டார்கள். ஆக, ஆள் பர்மனென்ட்டாக இருந்தாலும் கம்பெனி பர்மனென்ட்டாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

எங்கள் பக்கம் மில் மூடிய பிறகு பிட்டர், எலக்ட்ரீஷியன் வேலை தெரிந்தவர்கள் வேறு பட்டறையில் ஒட்டிக்கொண்டார்கள். ஒரே மெஷினில் ஒரே வேலையை இருபது வருஷம் செய்தவர்கள் ஆட்டோ ஓட்டினார்கள், இல்லையென்றால் வாட்ச்மேன் ஆனார்கள். உழைப்பில் யாரும் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. கையில் மிஞ்சியதுதான் வேறு.

அதற்காக அப்பா சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். ஒன்றாம் தேதி சம்பளம், பேங்க் லோன், வீட்டில் ஒருவருக்கு உடம்புக்கு வந்தால் ஆஸ்பத்திரி. இவற்றின் அருமை அது இல்லாதவர்களுக்குத்தான் தெரியும். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் தங்கள் வேலையைத் தனியாருக்கு மாற்றக் கூடாது என்று மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் இரவு பகலாக உட்கார்ந்தார்கள். எதற்காக உட்கார்ந்தார்கள் என்று நம் வீடுகளில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஐ.சி.எஃப்.பில் அப்ரண்டிஸ் கிடைத்தால் வேலை நிச்சயமா?

நிச்சயம் இல்லை. 1955-ல் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலை, வந்தே பாரத் ரயில் முதலில் உருவான இடம், பெயர் பெரியதுதான். ஆனால் அப்ரண்டிஸ் என்பது பயிற்சி. முடிந்ததும் வெளியே வந்துவிட வேண்டும். அப்படியும் போகலாம் என்றுதான் சொல்வேன். ரயில்வேயின் கடைநிலைப் பணிகளான குரூப் டி ஆள்சேர்ப்பில், பயிற்சி முடித்த அப்ரண்டிஸ்களுக்கு 20 சதவீத இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். தேர்வும் எழுத வேண்டும், உடல்திறன் சோதனையும் தாண்ட வேண்டும். ஆண்கள் 35 கிலோ சுமையோடு 100 மீட்டரை 2 நிமிஷத்திலும், சுமை இல்லாமல் 1,000 மீட்டரை 4 நிமிஷம் 15 விநாடியிலும் முடிக்க வேண்டும். பெண்களுக்கு 20 கிலோ, ஓட்டத்துக்கு 5 நிமிஷம் 40 விநாடி. தேர்வு முடிவு வந்த பிறகு ஓடிப் பழகலாம் என்று இருப்பவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

மணலியில் கான்ட்ராக்டில் சேர்ந்திருக்கிறேன். எதை எதைக் கவனிக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீட்டித்தான் பதில் சொல்ல வேண்டும். மணலி, எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் கம்பெனி கேட்டுக்குள் போகிறவர்களில் பாதிப் பேர் கம்பெனி ஆள் என்று வெளியே சொல்லிக்கொள்வார்கள். சம்பளம் போடுவது ஒரு கான்ட்ராக்டர். கேட் பாஸில் அவர் பெயர்தான் இருக்கும்.

முதலில் சம்பளச் சீட்டு கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் பரவாயில்லை. அதில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா பாருங்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000 ரூபாய் என்றால் உங்களிடம் பிடிப்பது 12 சதவீதம், அதாவது 1,800. முதலாளியும் அதே அளவு போட வேண்டும். சீட்டில் பிடித்தம் காட்டிவிட்டுக் கணக்கில் கட்டாமல் விடுகிறவர்கள் உண்டு. அதனால் மாதம் ஒரு முறை பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். கான்ட்ராக்டர் கட்டவில்லை என்றால் அந்தப் பொறுப்பு கம்பெனி தலையிலும் விழும். இது தெரியாமல் கான்ட்ராக்டரோடு மட்டும் மல்லுக்கட்டி ஓய்ந்துபோனவர்கள் நிறைய.

வருஷத்துக்கு ஒரு முறை கான்ட்ராக்டர் பெயர் மாறும். ஆள் அதேதான், போர்டுதான் வேறு. அப்போது புதிதாக பி.எஃப். எண் தருகிறேன் என்பார். வேண்டாம், கம்பெனி மாறினாலும் மாறாத உங்கள் பழைய யு.ஏ.என். எண்ணையே கொடுங்கள். பத்து வருஷச் சேவை சேர்ந்தால்தான் 58 வயதில் ஓய்வூதியம். துண்டு துண்டாக நாலு கணக்கில் கிடந்தால் அது சேராது. வேலை மாறும்போது ஓய்வூதியப் பணத்தையும் எடுத்துச் செலவு செய்துவிட்டால் அந்த வருஷங்கள் போயே போச்சு.

இ.எஸ்.ஐ. உங்களுக்கு 0.75 சதவீதம்தான், முதலாளிக்கு 3.25. மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு இது பொருந்தும். கார்டில் அம்மா, மனைவி, பிள்ளைகள் பெயரைச் சேர்த்துவிடுங்கள். அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு, பெயர் இல்லை என்று திரும்பி வருகிற கொடுமை வேண்டாம்.

12 மணி நேர ஷிப்ட் போட்டுவிட்டு ஒற்றைச் சம்பளம் தருவது பல இடத்தில் வழக்கமாகவே ஆகிவிட்டது. வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் போனால் இரட்டிப்பு தர வேண்டும் என்பது சட்டம். தனியாகக் கேட்டால் கேட் பாஸ் போய்விடும் என்ற பயம் நியாயமானது. பத்துப் பேர் சேர்ந்து கேளுங்கள்.

டெலிவரி வேலையில் ஒரு நாளைக்கு 900 ரூபாய் வருகிறது. எதற்கு இன்னொருவனிடம் கைகட்டி நிற்க வேண்டும்?

கைகட்ட வேண்டாம், கணக்குப் பார்க்கலாம். ஆப்பில் 900 காட்டுகிறது. பெட்ரோல் 250 என்று வையுங்கள். வண்டி டியூவை நாளுக்குப் பிரித்தால் 150. டயர், ஆயில், பிரேக் ஷூவுக்கு 50. மிச்சம் 450. எத்தனை மணி நேரத்துக்கு? பத்து, பன்னிரண்டு. இப்போது அந்த 900 அவ்வளவு பெரியதாகத் தெரிகிறதா?

படித்துக்கொண்டே சாயங்காலம் நாலு மணி நேரம் ஓட்டுகிறேன் என்றால் நல்ல வேலை, யாரும் குறை சொல்ல முடியாது. அதையே முழு வாழ்க்கையாக ஓட்டினால், முப்பது வயதில் முதுகு வலியும் ரேட்டிங்கும்தான் மிஞ்சும். அந்த ரேட்டிங்கை வைத்து இன்னொரு கம்பெனியில் வேலை கேட்க முடியாது. தமிழக அரசு 2023 டிசம்பரில் இப்படி ஆப் வழியாக வேலை செய்கிற கிக் தொழிலாளர்களுக்கென்று தனி நல வாரியம் அமைத்தது. அதில் பதிந்து வையுங்கள். அப்படியே ஹெவி லைசென்ஸுக்கும் வழி பாருங்கள்.

ஹெவி லைசென்ஸ் எடுத்து டிரெய்லர் ஓட்டலாமா?

லைசென்ஸ் எங்கே போனாலும் செல்லும், அந்த வகையில் நல்லது. துறைமுகம் இருக்கும்வரை டிரைவருக்குத் தேவையும் இருக்கும். ஆனால் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கேபினுக்குள்ளேயே சமைத்து, தூங்கி, வரிசை நகர்வதற்காகக் காத்துக் கிடக்கும் டிரைவர்களிடம் ஒரு நாள் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள். டிரிப் கணக்கில் பேட்டா வாங்குபவருக்கு வரிசையில் நிற்கும் நேரமெல்லாம் நஷ்டம்.

குரூப் 4-க்கு மூன்று வருஷமாகப் படிக்கிறேன். தொடரலாமா?

2024 குரூப் 4-க்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சம் பேருக்குப் பக்கம். பின்னால் இடங்களைக் கூட்டினார்கள், இருந்தாலும் விகிதத்தைப் பாருங்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. எங்கள் தெருவிலேயே இளநிலை உதவியாளர் ஆன பெண்கள் இருக்கிறார்கள்.

நான் கேட்பது இதைத்தான்: போன தேர்வில் எத்தனை மதிப்பெண், அதற்கு முந்தியதில் எத்தனை? ஏறிக்கொண்டே போனால் தொடருங்கள். ஒரே இடத்தில் நின்றால் படிக்கும் முறையை மாற்ற வேண்டும், இல்லையென்றால் ஒரு வேலையில் சேர்ந்துகொண்டு படிக்க வேண்டும். 200 கேள்வியில் 100 தமிழ். அதில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் மீதி விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். தமிழ்தானே என்று அலட்சியமாக விடுகிறவர்களை நான் வருஷா வருஷம் பார்க்கிறேன்.

கோச்சிங் சென்டருக்குக் கடன் வாங்கிக் கட்டாதீர்கள். பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரியில் அரசின் இலவசப் பயிற்சி மையம் இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து படிக்க இடம் இல்லாதவர்களுக்குக் கொளத்தூரில் 2024-ல் திறந்த முதல்வர் படைப்பகம் உண்டு. பத்துக்குப் பத்து வீட்டில் டி.வி. ஓட, தம்பி அழ, அங்கே எப்படிப் படிப்பது என்று கேட்ட பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி.

மெர்ச்சன்ட் நேவியில் சேர்த்துவிடுகிறேன் என்று ஒருவர் நாலு லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள்.

விவரம் வேண்டுமென்றால் சொல்கிறேன். பயிற்சிக்குக் கட்டணம் உண்டு, வேலைக்கு ஆள் சேர்க்கக் கட்டணம் கிடையாது. கப்பல் ஊழியரிடம் வேலைக்கென்று பணம் வாங்கவே கூடாது. ஆள் சேர்க்கும் ஏஜென்டிடம் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்க வேண்டும். அந்தப் பட்டியல் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் இணையதளத்தில் இருக்கிறது, பெயரைப் போட்டுத் தேடினால் தெரிந்துவிடும். பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்கு ஜி.பி. ரேட்டிங் என்று ஆறு மாதப் படிப்பு உண்டு. அதிலும் இயக்குநரகம் அங்கீகரித்த நிறுவனமா என்று பார்த்துச் சேருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் கண் பரிசோதனை. நிறக்குருடு இருந்தால் எடுக்க மாட்டார்கள். பணத்தைக் கட்டிவிட்டு, கடைசியில் டாக்டரிடம் போய் நிற்கக் கூடாது.

படித்து முடித்தாலும் முதல் கப்பல் கிடைக்கச் சிலருக்கு மாதக்கணக்கில் ஆகிறது. அந்த இடைவெளிக்கு வீட்டில் தாங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் வேலையைப் பற்றிச் சொல்லுங்களேன். கிளியரிங் ஆபீஸில் சேரலாமா?

இதை யாரும் கனவில் காண்பதில்லை. எந்த அம்மாவும் பிள்ளையைப் பார்த்து, நீ பெரியவனாகிக் கஸ்டம்ஸ் கிளியரிங்கில் சேர வேண்டும் என்று சொன்னதில்லை. ஆனால் பாரிமுனை, ராஜாஜி சாலை, தம்பு செட்டித் தெரு சந்துகளில் வடசென்னைப் பிள்ளைகளுக்குச் சோறு போடும் வேலை இது.

சரக்குக்குச் சுங்கத்துறையிடம் அனுமதி வாங்கித் தருவதுதான் வேலை. அதற்குத் தாக்கல் செய்வது, இறக்குமதிக்கு பில் ஆஃப் என்ட்ரி, ஏற்றுமதிக்கு ஷிப்பிங் பில். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சரக்குக்கும் அதன் வகையைக் காட்டும் எட்டு இலக்க எண் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் போட வேண்டும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் சரக்குதான், எதனால் செய்தது, எதற்கு ஆகும் என்பதைப் பொறுத்து எண் மாறலாம், வரியும் மாறலாம். தப்பான எண் போட்டால் கேள்வி வரும், கண்டெய்னர் நிற்கும். நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அப்படி ஒரு கேள்வி வந்தால் அந்த வார இறுதி அவ்வளவுதான்.

முன்பெல்லாம் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கஸ்டம் ஹவுஸ் மாடிப்படி ஏறி இறங்கும் பையன்களுக்குத் தனி மவுசு. எந்த அதிகாரி எப்போது டீ குடிக்கப் போவார் என்பதுகூட அவர்களுக்குத் தெரியும். 2020 ஜூனில் முகமறியா மதிப்பீடு வந்தது. நாட்டிலேயே முதலில் சென்னையிலும் பெங்களூரிலும்தான் தொடங்கினார்கள். இப்போது சென்னைச் சரக்கின் பேப்பரை வேறு ஊர் அதிகாரி பார்க்கிறார். ஓடுகிற வேலை குறைந்தது, உட்கார்ந்து சரியாக எழுதுகிற வேலை கூடியது. ஓட மட்டுமே தெரிந்தவர்கள் சிரமப்பட்டார்கள். எண் தெரிந்தவர்களுக்குச் சம்பளம் ஏறியது.

தொடக்கச் சம்பளம் சொற்பம், மறைக்க மாட்டேன். ஆனால் இங்கே ஏறிப்போகப் படி இருக்கிறது. கஸ்டம்ஸில் வேலை பார்க்கத் தரும் அடையாள அட்டைகள்தான் அந்தப் படி: முதலில் எச் கார்டு, தேர்வில் தேறினால் ஜி கார்டு, அதற்கு மேல் எஃப் கார்டு. ஜி கார்டு எடுத்துவிட்டால் இந்த ஆபீஸ் இல்லையென்றால் அடுத்த ஆபீஸ். தூத்துக்குடிக்குப் போனாலும் பிழைத்துக்கொள்ளலாம். பி.காம். முடித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் வருகிற பிள்ளைகளை நான் இந்தப் பக்கம் தள்ளுவது அதனால்தான்.

விலாசத்தைப் பார்த்ததும் இன்டர்வியூவில் முகம் மாறுகிறது. என்ன செய்வது?

நடக்கிறது. வியாசர்பாடி, காசிமேடு என்று ரெஸ்யூமில் இருந்தால், ‘அந்தப் பக்கமா?’ என்று இழுப்பார்கள். சிலர் அண்ணா நகர் சித்தப்பா வீட்டு விலாசத்தைப் போடுகிறார்கள். ஆதாரில் ஒன்று, ரெஸ்யூமில் ஒன்று இருந்தால், சரிபார்க்கும்போது நீங்கள்தான் பொய் சொன்னவர் ஆவீர்கள். அதனால் வேண்டாம். ரெஸ்யூமில் முழு விலாசம் எழுத வேண்டிய கட்டாயமே இல்லை, ‘சென்னை’ என்று மட்டும் போட்டால் போதும். நேரில் கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள். அதற்காகவே வேலை தர மறுப்பவரிடம் சேர்ந்திருந்தாலும் தினம் ஒரு குத்தல் கேட்டிருப்பீர்கள்.

மகளை எம்.சி. ரோடு ஜவுளிக்கடையில் சேர்க்கச் சொல்கிறார்கள். அனுப்பலாமா தம்பி?

தீபாவளி சீசனுக்கு மட்டும் என்றால் அனுப்புங்கள் அக்கா, கைச்செலவுக்கு ஆகும். நிரந்தரமாக என்றால் இரண்டு விஷயம் கேட்டுவிட்டு அனுப்புங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா? உட்கார இடம் உண்டா? நாள் முழுக்க நின்று கால் வீங்கின பெண்கள் எத்தனை பேர். கடைகளில் ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். ஸ்டூல் இருக்கும், உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைப்பார். வேலை செய்கிற பெண்களிடமே விசாரியுங்கள். அப்புறம் பில்லிங், ஸ்டாக் பக்கம் மாற்றிவிடக் கேட்கச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரில் கணக்குப் போடத் தெரிந்தால் அது எந்தக் கடைக்கும் ஆகும்.

அப்பா காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிறார். நானும் போகவா, வேறு பார்க்கவா?

நீங்கள் விடியற்காலை ஏலம் பார்த்து வளர்ந்தவர், உங்களுக்கு நான் சொல்லித் தர என்ன இருக்கிறது? டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மிஞ்சுவதில்தான் பங்கு. மீன்பாடு இல்லையென்றால் பங்கும் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வேறு.

ஆனால் கடல் தெரிந்ததை வீணாக்காதீர்கள். ராயபுரத்திலேயே மத்திய அரசின் சிஃப்நெட் மீன்வளப் பயிற்சி நிலையம் இருக்கிறது. படகு செலுத்துதல், மரைன் பிட்டர் படிப்புகள் அங்கே உண்டு. கூப்பிடு தூரத்தில் இருந்தும் காசிமேட்டில் பலருக்கு அது தெரியாது. கடலோரக் காவல் படையின் நாவிக் (மாலுமி) வேலைகளில் சிலவற்றுக்குப் பத்தாம் வகுப்பே போதும், சிலவற்றுக்குப் பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் வேண்டும். அப்பாவுக்குத் தெரிந்த காற்றும் நீரோட்டமும் எந்தச் சான்றிதழிலும் இல்லை என்பது அவர் குறையல்ல. உங்களுக்குச் சான்றிதழும் இருந்துவிட்டுப் போகட்டும்.

கேரம், பாக்ஸிங், கானா... இதெல்லாம் வேலையாகுமா?

புது வண்ணாரப்பேட்டை காசிமாவைத் தெரியாதவர் இங்கே இல்லை. ஆட்டோ ஓட்டுநரின் மகள். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம். தமிழக அரசு ஒரு கோடி ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தது. அதற்குப் பிறகு எங்கள் பக்கம் கேரம் போர்டுக்குப் பவுடர் வாங்கக் கேட்டால் எந்த அப்பாவும் திட்டுவதில்லை.

ஆனால் அந்தப் பெண்ணோடு ஆடி, மாவட்ட அளவில் நின்றுவிட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணுவதில்லை. விளையாடுங்கள், சான்றிதழை மட்டும் தொலைக்காதீர்கள். எந்தச் சங்கம் நடத்திய போட்டி, எந்த அளவு, எந்த வருஷம் என்பதை வைத்துத்தான் விளையாட்டு ஒதுக்கீடு. அரசு வேலையில் உண்டு, ரயில்வேயில் உண்டு, கல்லூரிச் சேர்க்கையில் உண்டு. தெருமுனை டோர்னமென்ட் கப் பத்து இருந்தாலும் அங்கே செல்லாது. அங்கீகரித்த சங்கத்தின் ஒரு சான்றிதழ் செல்லும்.

கானா பாடுகிறவர்களுக்கு: சாவு வீட்டிலும் கல்யாணத்திலும் பாடி வருவது வருமானம்தான், கேவலம் ஒன்றுமில்லை. யூடியூபில் உங்கள் பாட்டை வேறொருவர் தன் சேனலில் போட்டுச் சம்பாதிப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒப்பந்தம் என்று எதை நீட்டினாலும், படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை கிடைத்திருக்கிறது. திருவொற்றியூரிலிருந்து தினம் போய் வர முடியுமா?

முடியும். ரயிலில் கடற்கரை ஸ்டேஷன், அங்கே வேளச்சேரி பறக்கும் ரயில் மாறித் தரமணி, பிறகு ஷேர் ஆட்டோ. நாளுக்கு மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் போய்விடும். முதல் ஒரு வருஷம் வீட்டிலிருந்தே போங்கள், வாடகை மிச்சம். நைட் ஷிப்ட் என்றால் கேப் வீட்டு வாசல் வரை வருமா, மெயின் ரோட்டோடு சரியா என்பதை ஆஃபர் லெட்டர் கையெழுத்திடும் முன்பே கேளுங்கள், முக்கியமாகப் பெண்கள்.

வேலை பிடிக்கவில்லை. விட்டுவிடலாமா?

வேலை பிடிக்கவில்லையா, மேனேஜரைப் பிடிக்கவில்லையா? இரண்டாவது என்றால் அடுத்த வேலையைக் கையில் வைத்துக்கொண்டு விடுங்கள். முதலாவது என்றாலும் அப்படியே செய்யுங்கள். விடும்போது அனுபவச் சான்றிதழ் வாங்காமல் வராதீர்கள். கோபத்தில் கதவைச் சாத்திவிட்டு வந்தவர்கள் ஆறு மாதம் கழித்து அதே கதவைத் தட்டுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விண்ணப்பம் போட வரும்போது என்னென்ன எடுத்து வர வேண்டும்?

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், சமீபத்திய புகைப்படம், வெள்ளைத் தாளில் கையெழுத்து. டி.என்.பி.எஸ்.சி. என்றால் ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய், ஐந்து வருஷம் செல்லும். ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்தவர்கள் அதற்கான சான்றைப் பள்ளியில் இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். 20 சதவீத இடம் அவர்களுக்கு உண்டு, கடைசி நாளில் ஹெட்மாஸ்டர் கிடைக்க மாட்டார். ஓ.டி.பி. வரும் போனை சார்ஜ் போட்டு எடுத்து வாருங்கள். இமெயில் பாஸ்வேர்டு உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். பிரவுசிங் சென்டர் அண்ணன் போட்டுக் கொடுத்தது என்றால் முதலில் அவரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.